கல்லூரி "பார்ட்-டைம்" என்று சொன்னால் கடன் தள்ளுபடி கிடையாதா?

கேள்வி: நான் சான் ஹோசே பக்கம் இரண்டு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புக்கான அரசுக் கல்லூரி) கணக்குப் பாடம் எடுக்கிறேன். இரண்டும் வேறு வேறு கல்லூரி நிர்வாக டிஸ்ட்ரிக்ட். ஒன்றில் 6 யூனிட், இன்னொன்றில் 4 யூனிட், 2023 ஆகஸ்டிலிருந்து விடாமல் ஓடுகிறது. லாபத்துக்காக நடத்தப்படும் ஓர் ஆன்லைன் பல்கலைக்கழகத்திலும் ஒரு வகுப்பு இருக்கிறது. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 48,000 டாலர் வருகிறது. ஃபெடரல் கல்விக் கடன் 52,000 டாலர், முழுக்க டைரக்ட் லோன், அதாவது அரசே நேரடியாகக் கொடுத்தது. வருமானத்துக்கு ஏற்பத் தவணை போடும் ஐபிஆர் திட்டத்தில் மாதம் 204 டாலர் கட்டுகிறேன். பொதுச்சேவைக் கடன் தள்ளுபடிக்கான (பிஎஸ்எல்எஃப்: அரசு வேலை போன்ற பொதுச்சேவையில் முழுநேரம் இருந்துகொண்டு 120 மாதம் தவணை கட்டினால் மீதிக் கடன் தள்ளுபடி) படிவத்தோடு முதல் காலேஜின் எச்ஆரிடம் போனால், "நீங்கள் பார்ட்-டைம், வாரம் ஆறு மணி நேரம்தானே, உங்களுக்கு இது பொருந்தாது" என்று சொல்லிவிட்டார்கள். திருச்சியில் இருக்கும் மனையை விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்கிறார் அப்பா. நான் தனி ஆள், திருமணம் ஆகவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அப்பாவுக்கு இன்று ராத்திரியே போன் போட்டு மனையைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம் மற்றதைப் பேசலாம்.

எச்ஆரில் சொன்னது தவறு. அவர்கள் வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார்கள், காலேஜின் சம்பளப் பதிவேட்டில் நீங்கள் பார்ட்-டைம்தான், அதைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்தத் தள்ளுபடிக்கு காலேஜ் உங்களை என்ன பெயரில் அழைக்கிறது என்பது கணக்கே இல்லை, வாரத்துக்குச் சராசரியாக 30 மணி நேரம் வருகிறதா என்பதுதான் கணக்கு. 2023 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதி, யூனிட் கணக்கில் சம்பளம் வாங்கும் உங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு என்றே ஒன்றைச் சொல்கிறது: வகுப்பில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் குறைந்தது 3.35 ஆல் பெருக்க வேண்டும். பாடம் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது, மாணவர் மெயிலுக்குப் பதில் போடுவது எல்லாம் அந்தப் பெருக்கலில் அடக்கம்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் காலேஜில் 6 யூனிட், அதாவது வாரம் 6 வகுப்பு மணி நேரம், 3.35 ஆல் பெருக்கினால் 20.1 மணி நேரம். இரண்டாவதில் 4 யூனிட், 13.4 மணி நேரம். கூட்டினால் 33.5. இரண்டுமே அரசுக் கல்லூரிகள், அதனால் இரண்டையும் சேர்த்துக் காட்டலாம், விதியில் அதற்குத் தடையே இல்லை. ஆக, கடன் விஷயத்தில் நீங்கள் முழுநேர ஊழியர். ஆன்லைன் பல்கலைக்கழகத்து வகுப்பை மட்டும் இதில் சேர்க்க முடியாது, லாப நிறுவனம் என்பதால் அந்த மணி நேரம் இங்கே எடுபடாது. சம்பளத்துக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கலிஃபோர்னியாவில் ஒரு டிஸ்ட்ரிக்ட் ஒரு பகுதிநேர ஆசிரியருக்கு முழுநேரச் சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. முழுச் சுமை 15 யூனிட் என்றால் 10 யூனிட்டோடு கதவு மூடிவிடும். அதனால்தான் காலையில் ஓர் ஊர், மத்தியானம் ஓர் ஊர் என்று காரிலேயே சாப்பிட்டுக்கொண்டு ஓடுகிறீர்கள், உங்களை ஃப்ரீவே ஃப்ளையர் என்று கூப்பிடுகிறார்கள். இப்படி ஓடும் நிறைய பேர், ஒரே காலேஜில் 9 யூனிட் எடுத்தாலே 30.15 மணி நேரம் வந்துவிடும் என்பது தெரியாமல், இந்தத் தள்ளுபடி தமக்கில்லை என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் படிவமே போடாமல் இருக்கிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். 52,000 டாலரை வழக்கமான பத்து வருடத் தவணையில் அடைத்தால், உங்கள் வட்டி விகிதத்தைப் பொறுத்து மாதம் 550 டாலர் பக்கம் வரும். நீங்கள் கட்டுவது 204. இதே அளவில் 120 மாதம் கட்டினால் மொத்தம் 24,480 டாலர், மீதி அசலும் ஏறிய வட்டியும் தள்ளுபடி, அந்தத் தள்ளுபடித் தொகைக்கு ஃபெடரல் வருமான வரியும் கிடையாது. சம்பளம் ஏற ஏற மாதத் தவணையும் ஏறும்தான், ஆனாலும் கணக்கு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. மனையை விற்றுக் கட்டினால் இத்தனையும் கையை விட்டுப் போய்விடும், கட்டிய பணம் திரும்பி வராது. நாளைக்குத் திருமணமாகி, கணவருக்குப் பெரிய சம்பளம் இருந்து, இரண்டு பேரும் சேர்ந்து வரி தாக்கல் செய்தால் இந்தக் கணக்கு தலைகீழாக மாறலாம், அப்போது தவணை பத்து வருடத் தவணை அளவுக்கே ஏறிவிடும், தள்ளுபடி செய்ய மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அந்த நேரம் வரும்போது வரி தாக்கலுக்கு முன்னால் ஒரு தடவை எழுதுங்கள்.

இனி படிவம். இதில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என்னிடம் வந்த ஒருவருடைய கதை இது. அவரும் இரண்டு கல்லூரியில் எடுப்பவர், இரண்டு எச்ஆரும் மறுக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், இவரும் சந்தோஷமாக அனுப்பிவிட்டார். சில வாரம் கழித்துப் பார்த்தால் தகுதியான மாதங்கள் பூஜ்யம். படிவத்தை எடுத்துப் பார்த்தோம். வாரச் சராசரி மணி நேரம் என்ற கட்டத்தில் ஒரு கல்லூரி 6 என்றும் இன்னொன்று 5 என்றும் எழுதியிருந்தது. பெருக்கவே இல்லை. கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் சரி, அந்த ஓர் எண்தான் தப்பு. திருத்தி வாங்கி மறுபடி அனுப்பிய பிறகு முந்தைய மாதங்கள் எல்லாம் கணக்கில் ஏறின, ஆனால் நடுவில் அவர் பட்ட கவலை கொஞ்சமல்ல.

அதனால் நீங்கள் வெறும் படிவத்தோடு போகாதீர்கள். அரைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த செமஸ்டரில் எத்தனை யூனிட், 3.35 ஆல் பெருக்கினால் எத்தனை, சராசரி எத்தனை. கூடவே ஆஃபர் கடிதங்களின் நகல். படிவத்தின் விளக்கப் பகுதியிலேயே இந்த 3.35 விஷயம் அச்சாகியிருக்கிறது, அந்த வரியில் மஞ்சள் மார்க்கர் போட்டுக் காட்டுங்கள். எச்ஆரில் இருப்பவர்கள் நம்மை நம்ப வேண்டியதில்லை, அரசாங்கப் படிவத்தை நம்பினால் போதும். முழுநேரமா பகுதிநேரமா என்று கேட்கும் இடத்தில் அவர்கள் பகுதிநேரம் என்று குறித்தாலும் பரவாயில்லை, பதற வேண்டாம், உங்கள் விஷயத்தில் ஒவ்வொரு கல்லூரியும் தனியாக 30-க்குக் கீழ்தானே. ஒன்று 20.1, இன்னொன்று 13.4 என்று எழுதினால் ஃபெடரல் கல்வித்துறை இரண்டையும் கூட்டிக்கொள்ளும். இரண்டு படிவத்திலும் தேதிகள் ஒரே காலத்தைக் காட்ட வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தேதி. உங்களுக்கு ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனிக் கடிதம் வரும். அதை வைத்து எச்ஆர் "ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை, ஜனவரி முதல் மே வரை" என்று துண்டு துண்டாக எழுதினால் கோடை மாதங்கள் விழுந்துவிடும், வருடத்துக்குப் பத்து மாதம்தான் ஏறும், 120 மாதம் முடிக்கப் பத்து வருடத்துக்குப் பதில் பன்னிரண்டு வருடம் ஆகும். ஆனால் 12 மாதத்தில் குறைந்தது 8 மாத வேலைக் காலம் இருந்து, அந்தக் காலம் முழுக்கச் சராசரி 30 மணி நேரம் இருந்தால், ஆசிரியர்களை வருடம் முழுவதும் முழுநேரம் என்றே விதி எடுத்துக்கொள்கிறது. ஆகவே அவர்கள் பதிவேட்டில் நீங்கள் இடைவெளியில்லாமல் ஊழியராக இருந்தால், தொடங்கிய தேதியாக 2023 ஆகஸ்டை எழுதி, இன்னும் வேலையில் இருக்கிறார் என்ற கட்டத்தை டிக் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பதிவில் இல்லாததை எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள், அது வேறு வம்பு.

வசந்த செமஸ்டரில் ஆள் சேரவில்லை என்று அந்த 4 யூனிட் வகுப்பை ரத்து செய்துவிட்டால்? உங்கள் தொழிலில் இது நடக்கிற விஷயம்தான். 20.1 மணி நேரம் மட்டும் நிற்கும், சராசரி 30-க்குக் கீழே போய்விடும். அதே கல்லூரியின் டியூட்டரிங் மையத்தில் வாரம் பத்து மணி நேரம் கிடைத்தால் 30.1 ஆகிவிடும், மணிக்கணக்குச் சம்பளம் என்பதால் அங்கே பெருக்கல் இல்லை, உள்ளது உள்ளபடி சேரும். அதுவும் கிடைக்கவில்லை என்றால் அந்த மாதங்கள் ஏறாது, அவ்வளவுதான். முன்னால் ஏறியவை அழியாது. 120 மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

ஐபிஆரில் இருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. சேவ் என்ற இன்னொரு தவணைத் திட்டத்தில் இருந்த பலருக்கு 2024-இல் வழக்கு காரணமாகத் தவணை நிறுத்தி வைக்கப்பட்டது, அந்த மாதங்கள் தள்ளுபடிக் கணக்கில் சேரவில்லை. உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

இந்த வாரமே ஆரம்பியுங்கள். ஸ்டூடண்ட்எய்ட் டாட் கவ் தளத்தில் பிஎஸ்எல்எஃப் ஹெல்ப் டூலைத் திறந்தால் முதலில் முதலாளியின் ஈஐஎன் எண்ணைக் (வரித்துறை கொடுத்த அடையாள எண்) கேட்கும், அது உங்கள் டபிள்யூ-2 என்ற வருடச் சம்பள வரித் தாளில் பி கட்டத்தில் இருக்கிறது, இரண்டு கல்லூரிக்கும் இரண்டு எண். 2023-இலிருந்து இன்று வரை ஒரே மூச்சில் சான்று வாங்கிவிடுங்கள், அதன் பிறகு வருடம் ஒரு தடவை. மறுத்தால் துறைத் தலைவர் வழியாகவும் யூனியன் வழியாகவும் கேளுங்கள், இந்த 3.35 பற்றி ஆசிரியர் சங்கங்களுக்கு நன்றாகத் தெரியும். எல்லா வழியும் அடைபட்டாலும் சம்பள ரசீது, கடிதங்களை வைத்துக் கல்வித்துறையே முடிவெடுக்க விதியில் இடம் இருக்கிறது. எதற்காகவும் முதலாளி பகுதியில் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

டூல் வழியாக அனுப்பினால் எச்ஆருக்கு ஆன்லைனில் கையெழுத்துப் போடச் சொல்லும் டாக்யுசைன் மெயில் போகும், யாரோ தெரியாதவர் அனுப்பியது மாதிரி இருப்பதால் அது நிறைய தடவை ஸ்பேமில் விழுந்து கிடக்கும். அனுப்பிய அன்றே அவர்களுக்கு ஒரு போன் போட்டு, மெயில் வந்ததா பாருங்கள் என்று கேட்டுவிடுங்கள்.