பேராசிரியர் காட்டும் மனையும் பேராசிரியர் கற்றுத்தரும் கணக்கும்

கேள்வி: கோவையில் பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் நிதி மேலாண்மைப் பேராசிரியரின் வகுப்புகளால் நில முதலீட்டில் ஆர்வம் வந்தது. புறநகர் மனைப்பிரிவு ஒன்றில் 18 லட்சம் ரூபாய் மனைக்கு 2 லட்சம் முன்பணம் கட்டலாம் என்கிறார். அவரும் அங்கே வாங்கியிருக்கிறாராம். பெற்றோரும் சம்மதிக்கிறார்கள். கட்டலாமா?

பதில்: உங்கள் ஆர்வத்தைத் தூண்டிய ஆசிரியருக்கு நன்றியோடு இருங்கள்; ஆனால், அவர் கற்றுத்தரும் கணக்கையும் அவர் கைகாட்டும் மனையையும் தனித்தனியாகவே பாருங்கள். அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிராஸ்காம்ப் என்ற பேராசிரியர் இருந்தார். இளமையில் போலியோவால் கைகால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே 1988இல் மறையும்வரை நிலச்சொத்துப் பாடம் நடத்திய அவரிடம் படித்தவர்கள் அத்துறையில் பெரிய பொறுப்புகளுக்கு வந்தார்கள். எந்த இடத்தை வாங்குவது என்பதைவிட, எந்த இடத்தையும் எப்படிச் சோதிப்பது என்பதே அவர் கொடுத்த செல்வம். இருவழிக் கணக்கு ஒன்றை அவர் வலியுறுத்தினார்: முன்வாசல் வழியில், ஆகும் செலவிலிருந்து தொடங்கி எவ்வளவு வாடகை தேவை என்று பார்ப்பது, பின்வாசல் வழியில், சந்தையில் கிடைக்கும் வாடகையிலிருந்து தொடங்கி எவ்வளவு செலவு தாங்கும் என்று பார்ப்பது.

உங்கள் மனைக்கு இதைப் பொருத்துவோம். விலை 18 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்தால் 19.62 லட்சம். இதே தொகை 7 சதவீத வட்டியில் வைப்பாக இருந்தால் ஐந்தாண்டில் சுமார் 27.5 லட்சம் ஆகும். ஆகவே, தரகும் வரியும் போக அதற்கு மேல் கையில் நின்றால்தான் மனை உங்களுக்கு லாபம். இனிப் பின்வாசலுக்கு வாருங்கள். மனையில் வீடு கட்டி வாடகைக்கு விடுவதாக வைத்து, அப்பகுதியில் 800 சதுர அடி வீட்டுக்கு மாதம் 12,000 ரூபாய் வாடகை என்று கொள்வோம், ஆண்டுக்கு 1.44 லட்சத்தில் வரியும் பராமரிப்பும் 24,000 போனால் மிச்சம் 1.2 லட்சம். 6 சதவீத வருவாயாவது வேண்டுமென்றால் நிலமும் கட்டடமும் சேர்ந்து 20 லட்சத்தைத் தாண்டக் கூடாது. கட்டவே 16 லட்சம் ஆகுமானால் நிலத்துக்கு மிஞ்சுவது 4 லட்சம். மனை விலையான 18 லட்சத்தில் எஞ்சிய 14 லட்சம், விலை ஏறும் என்ற நம்பிக்கைக்கு நீங்கள் கொடுக்கும் தொகை. ஏறவும் கூடும், ஆனால், எதற்காக ஏறும் என்று உங்கள் பேராசிரியர் சொல்ல வேண்டும். என் எண்களை நீக்கிவிட்டு அந்த ஊரில் நீங்களே விசாரித்த எண்களைப் போட்டு அவரிடம் காட்டுங்கள். நல்ல ஆசிரியர் அதைக் கண்டு மகிழ்வார்.

அவரிடம் தயங்காமல் கேட்க வேண்டிய இன்னொன்று, இந்த விற்பனையில் அவருக்குத் தரகு உண்டா என்பது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டத்தின் மனைகளை விற்றுத்தரும் முகவரும் மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மதிப்பெண் போடும் கையே தரகும் வாங்கினால் மாணவரால் மறுத்துப் பேச முடியாது. இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவு பொதுவாகப் பதிவுக்கு உட்பட்டது. பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். அதே சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. உங்கள் மனைக்கு அந்த வரம்பு 1.8 லட்சம், கேட்பதோ 2 லட்சம். இது ஒன்றே நிறுத்திக் கேட்கப் போதுமானது. தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகியவற்றை உங்கள் செலவில் அமர்த்திய வழக்கறிஞர் பார்க்கட்டும்.

பழகிப் பார்க்க ஆசையென்றால், பலரின் பணத்தைத் திரட்டி வாடகை தரும் கட்டடங்களில் முதலிடும் அறக்கட்டளைகளான ‘ரீட்’களின், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட அலகுகள் சிலவற்றைச் சிறு தொகைக்கு வாங்கலாம். பகிர்ந்தளிக்கத்தக்க நிகரப் பணவரவில் 90 சதவீதத்தையாவது அவை முதலீட்டாளருக்குத் தர வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. காலியிடம் எவ்வளவு, குத்தகை எப்போது முடிகிறது என்று அவை காலாண்டுதோறும் வெளியிடும் விவரங்களை உங்கள் பேராசிரியரிடமே கொண்டுபோய், வரி வரியாக விளக்கித் தரும்படி கேளுங்கள்.