டிரஸ்ட் பணத்தைச் சொந்தக் கடையில் போட்ட சித்தப்பா

பேரன்களுக்காகத் தாத்தா எழுதிவைத்த குடும்ப டிரஸ்டின் வாடகைப் பணத்தை, அறங்காவலரான சித்தப்பா தன் ஜவுளிக்கடையில் போட்டுவிட்டார். முதலைத் திருப்பித் தந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம், 51ஆம் பிரிவின்படி டிரஸ்ட் சொத்தை அவர் தன் ஆதாயத்துக்குத் தொடவே கூடாது. நஷ்டமானால் கைக்காசைப் போட்டு ஈடுகட்ட வேண்டும் (பிரிவு 23). சரி, தீபாவளி விற்பனையில் லாபம் கொட்டியிருந்தால்? அந்த லாபமும் பேரன்களுக்கே. 88ஆம் பிரிவின் உதாரணமே கிட்டத்தட்ட உங்கள் கதைதான்! "உழைத்தது நான்தானே" என்ற வாதம் அவ்வளவாக எடுபடாது.

அந்தப் பணத்தில் மனை வாங்கியிருந்தால் அதையும் பின்தொடரலாம். விவரம் தெரியாமல், விலை கொடுத்து வாங்கிய மூன்றாம் ஆளிடம் மட்டும் முடியாது.

முதலில் எழுத்து மூலம் கணக்குக் கேளுங்கள். கேட்டால் காட்டுவது அவர் கடமை, பிரிவு 19. மழுப்பினால் சிவில் நீதிமன்றம்.