மண்டையோட்டில் துளை என்றால் புற்றுநோய்தானா?

கேள்வி: என் நான்கு வயது மகனுக்குக் காதுக்குச் சற்று மேலே கோலிக்குண்டு அளவில் ஒரு வீக்கம் இருக்கிறது. கீழே விழுந்ததால் வந்த புடைப்பு என்று நினைத்தோம். ஆறு வாரமாகியும் வற்றவில்லை. எலும்பில் துளை விழுந்திருப்பதாகவும், அது மூளையுறை வரை எட்டியிருப்பதாகவும் ஸ்கேனில் தெரிந்ததால் பயாப்ஸி (சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது) செய்யச் சொல்கிறார்கள். இது புற்றுநோயா? தலையில் கத்தி வைக்க அச்சமாக இருக்கிறது.

பதில்: இந்த வயதில் மண்டையோட்டு எலும்பு துளையாக அரிக்கப்பட்டிருந்தால் மருத்துவர்கள் முதலில் நினைப்பவற்றுள் ஒன்று லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ், அதாவது ஒருவகை நோயெதிர்ப்புச் செல்கள் அளவுமீறிப் பெருகி எலும்பை அரிக்கும் நோய். எலும்பின் வெளித்தகடும் உள்தகடும் சம அளவில் அரிபடாததால், சி.டி. ஸ்கேனில் துளையின் விளிம்பு சாய்வாகச் சீவியதுபோல் தெரியும். ஆனால் படத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவதை நான் ஏற்கமாட்டேன். பிறவியிலேயே தோல்திசு உள்ளே சிக்கி உருவாகும் டெர்மாய்டு கட்டியும், வயிற்றிலுள்ள அட்ரினல் சுரப்பியில் தொடங்கி மூளையுறைக்குப் பரவும் நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் புற்றுநோயும், எலும்பு முறிவின்போது மூளையுறை கிழிந்து, மூளையின் துடிப்பால் நாளடைவில் விரியும் முறிவும் இதே இடத்தில் வீக்கமாகத் தோன்றக்கூடும். குழந்தை அழும்போது புடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்ததும் வடிந்துவிடும் வீக்கமானால், அது உள்ளிருக்கும் சிரைக்குழாயோடு தொடர்புடையதாக இருக்கலாம். அதில் ஊசி குத்தவே கூடாது. எம்.ஆர்.ஐ. பார்த்த பிறகே பயாப்ஸி என்பது இதனால்தான்.

எலும்பு ஏற்கெனவே அரிக்கப்பட்டிருப்பதால் திசுவை வெளிப்புறத்திலிருந்தே எடுக்கலாம். மூளையுறையைத் திறக்கும் தேவை பெரும்பாலும் வராது. திசுவில் சி.டி.1ஏ, லாங்கெரின் என்ற அடையாளப் புரதங்கள் இருந்தால் லாங்கர்ஹான்ஸ் நோய் உறுதியாகிவிடும்.

புற்றுநோயா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை இல்லை. இந்நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரின் கட்டிகளில் செல் வளர்ச்சியைத் தூண்டும் பிராஃப் என்ற மரபணுவில் பிறழ்வு இருப்பது 2010-இல் தெரியவந்தது முதல் இதைப் புற்றுநோய்களின் உறவாகவே கருதுகிறார்கள். ஆயினும் ஒரே எலும்போடு நின்றுவிட்டால் இது சாதுவானது, சிலருக்குத் தானாகவே ஆறிவிடும். பயாப்ஸியின்போதே சுரண்டி எடுப்பது பலருக்குப் போதுமானது. காதையொட்டிய பொட்டெலும்பிலோ கண்குழியிலோ மண்டையோட்டின் அடித்தளத்திலோ இருந்தால் மட்டும், புண் ஒன்றே ஆனாலும், வின்பிளாஸ்டின் என்ற கீமோதெரபி ஊசியும் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் ஏறத்தாழ ஓராண்டு தர வேண்டி வரலாம். உங்கள் மகனுக்குத் துளை எந்த எலும்பில் என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

இன்னொன்று: இரவில் எழுந்தெழுந்து தண்ணீர் கேட்கிறானா, அடிக்கடி சிறுநீர் கழிக்கிறானா என்று கவனியுங்கள். சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை வெளிவிடும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை இந்நோய் தொட்டால் அப்படி நேரும். பயாப்ஸிக்காகப் பட்டினி போடும்போது அத்தகைய குழந்தையின் உடலில் நீர் வேகமாக வற்றிவிடும் என்பதால், மயக்க மருந்து கொடுப்பவரிடமும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.