பரங்கிமலை ரயில் நிலையம் புதுப்பிக்கப்பட்டதால் தினப் பயணிகளுக்கு என்ன பயன்?

"அம்ருத் பாரத் திட்டத்தில் சென்னைப் புறநகர் நிலையங்களைப் புதுப்பிக்கிறார்களே, தினமும் மின்சார ரயிலில் செல்பவர்களுக்கு இதனால் உண்மையில் பயன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயன் உண்டு, ஆனால் அதை நிலையத்தின் முகப்பைப் பார்த்து அளக்க முடியாது. கடற்கரை–செங்கல்பட்டுத் தடத்தில் நெடுநாளாகச் சீசன் டிக்கெட்டில் சென்று வருபவன் என்ற முறையில், பரங்கிமலையை வைத்து விளக்க முயல்கிறேன்.

இத்திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு 2025 மே 22 அன்று நாடு முழுவதும் திறக்கப்பட்ட 103 நிலையங்களில் ஒன்பது தமிழ்நாட்டில் உள்ளவை. சிதம்பரம், ஸ்ரீரங்கம், விருத்தாசலம், திருவண்ணாமலை ஆகியவை இடம்பெற்ற அந்தப் பட்டியலில் சென்னைப் புறநகர் நிலையம் பரங்கிமலை மட்டுமே. வெளியூர் செல்பவர் மூட்டை முடிச்சுகளுடன் முன்னதாகவே வந்து காத்திருப்பார் என்பதால் அவருக்குக் காத்திருப்புக் கூடமும் வாகன நிறுத்துமிடமும் தேவை. புறநகர்ப் பயணியோ நிலையத்துக்குள் இருப்பதே சில நிமிடங்கள்தான். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் கவுண்டர் பக்கமே போவதில்லை. அவருக்கு நிலையம் என்பது தெருவிலிருந்து நடைமேடைக்குச் செல்லும் பாதையும், வண்டிக்காக நிற்கும் இடமும் மட்டுமே.

முதலில் கூரையைச் சொல்ல வேண்டும். இத்தடத்தில் 12 பெட்டி வண்டிகள் ஓடுகின்றன. நடைமேடையின் நடுப்பகுதிக்கு மட்டும் கூரை இருந்தால், மழையிலும் வெயிலிலும் எல்லோரும் அங்கேயே ஒதுங்கி, வண்டி வந்ததும் நடுப்பெட்டிகளையே மொய்க்கிறார்கள். கடைசிப் பெட்டிகளில் இடம் இருந்தாலும் பயனில்லை. மகளிர் பெட்டி குறிப்பிட்ட இடத்தில்தான் வந்து நிற்கும் என்பதால், அந்த இடத்துக்கு மேலே கூரை இல்லையென்றால் பெண்கள் நனைந்தபடிதான் காத்திருக்க வேண்டும். சுத்தமான கழிப்பறை இல்லாத குறையும் அவர்களையே அதிகம் வருத்துகிறது. ஆகவே முகப்புக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு நடைமேடையின் முழு நீளத்துக்கும் கூரை போடச் சென்றிருந்தால், அதை நான் பெரிய முன்னேற்றமாகவே கருதுவேன்.

அதைவிட முக்கியமானது நடை மேம்பாலம். ஒரு வண்டியிலிருந்து இறங்கும் கூட்டம் முழுவதும் ஒரே படிக்கட்டில் ஏறுகிறது. அது கலைவதற்குள் எதிர்த்திசை வண்டியும் வந்துவிட்டால் பாலத்தின் அகலம் உயிர்ப் பிரச்சினையாகிவிடும். மும்பை எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தில் 2017 செப்டம்பர் 29 அன்று குறுகிய பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ராணுவத்தைக் கொண்டு புதிய பாலம் கட்டி 2018 பிப்ரவரியில் திறந்தார்கள். அவ்வளவு விரைவாகக் கட்ட முடிகிற ஒன்றுக்கு அத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது என்பதை என்னால் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை.

பரங்கிமலைக்கும் இப்படி ஒரு துயரம் உண்டு. 2018 ஜூலை 24 அன்று, மின்கம்பி பழுதால் விரைவுத் தடத்தில் திருப்பிவிடப்பட்ட புறநகர் வண்டியில் படியில் தொங்கிச் சென்றவர்கள், தடத்தை ஒட்டியிருந்த கான்கிரீட் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். நெரிசல் நேரத்தில் படியில் தொங்கத்தான் செய்வார்கள் என்பதை மனத்தில் கொண்டே தடத்தின் அருகே எதையும் கட்ட வேண்டும்.

இனி இந்த நிலையத்தின் தனித்தன்மைக்கு வருகிறேன். 2016 அக்டோபரில் மெட்ரோ இங்கு வந்தது. வேளச்சேரியிலிருந்து இங்கு வரை சுமார் 5 கிலோமீட்டர் நீளும் பறக்கும் ரயில் (உயர்பாலத்தில் ஓடும் நகர ரயில்) தடப் பணி, நிலம் எடுப்பதில் எழுந்த வழக்குகளால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சோழிங்கநல்லூர்த் தடமும் இவ்வழியே செல்கிறது. ஆகவே இங்கு இறங்குபவர்களில் பலர் வெளியே போகாமல் வேறொரு வண்டிக்கு மாறுவார்கள். அப்படி மாறுபவர் நனையாமலும் வழி கேட்காமலும், மூட்டுவலி உள்ளவர் என்றால் படியேறாமலும் செல்ல முடிய வேண்டும். லிஃப்ட் இருப்பது மட்டும் போதாது. கடைசி வண்டி போகும் வரை அது ஓட வேண்டும்.

மாம்பலத்தில் 2023 மே மாதம் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதையைப் பாருங்கள். ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் சுமார் 570 மீட்டர் நீளத்தில் இணைத்து, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபடாமல் பேருந்துக்குப் போக அது வழி செய்தது. நிலையக் கட்டடத்தின் அழகுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் இத்தடத்தில் அண்மையில் பயணிகளுக்குக் கிடைத்தவற்றில் அதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். கிண்டி நிலையப் பணிகளையும் இதே கண்ணோடு பார்த்து, மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் செல்லும் வழி அகலமாகிறதா என்று ரயில்வேயிடம் கேளுங்கள்.