அந்த 150 ஏக்கர் எங்கே போனது?

நிலமும் பத்திரமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். என் மகன் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் வேலை செய்கிறான். அங்கேயே ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டான். போன தீபாவளிக்கு என் சம்பந்தி அம்மாள் மலேசியாவுக்கு வந்து, சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கினார். அவர் தம் குடும்பத்தின் முதல் தலைமுறையைத் தேடிக்கொண்டிருக்கிறார். 1740களில் அங்கே 400 ஏக்கர் நிலம் பெற்ற ஒருவரின் அரசுப் பட்டா நகலும், அதே மனிதர் 1764-இல் எழுதிய உயிலின் நகலும் அவரிடம் இருக்கின்றன. உயிலில் மனைவி, இரண்டு மகன்கள், மூன்று மகள்கள் பெயர்கள் உள்ளன. மகன்கள் இருவருக்கும் சேர்த்து 250 ஏக்கர் கொடுத்திருக்கிறார். சம்பந்தியின் நேர் முன்னோருக்கு அதே குடும்பப் பெயர், அதே ஊர். ஆனால் உயிலில் அவர் பெயர் இல்லை. பிறப்புப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. "பெற்ற மகன் என்றால் அப்பா மறந்திருப்பாரா?" என்று கேட்டுக் கண் கலங்கினார். நீங்கள் நில அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தவர். வழி சொல்லுங்கள்.
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, சம்பந்தியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: உயிலில் பெயர் இல்லை என்பதால் அவர் மகன் இல்லை என்று ஆகிவிடாது. இதை நான் என் மேசையிலேயே கண்டவன்.

கோலகங்சார் நில அலுவலகத்தில், இறந்தவர்களின் சிறு சொத்தை வாரிசுகளுக்குப் பங்கிடும் முகப்பில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் தோட்டத்து அம்மா ஒருவர் வந்தார். கணவர் விட்டுச் சென்ற வீட்டு மனையின் கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்திருந்தார். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன். நான்கு விரல்களைக் காட்டினார். பாரத்தை நிரப்பி முடிக்கும் நேரத்தில் இளைய மகள் மெதுவாக, "அம்மா, பெரிய அண்ணன்?" என்றாள். அந்த அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "அவனுக்குத்தான் அப்பா இருக்கும்போதே லாரி வாங்கிக் கொடுத்துவிட்டாரே!" என்றார். சட்டம் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்கிறது என்று விளக்கி ஐந்தாவது பெயரை எழுதினேன். அவர் மகனை மறக்கவில்லை. அவருடைய கணக்கில் மூத்தவன் பங்கு முடிந்துபோயிருந்தது.

1764-இல் உயில் எழுதிய தகப்பனும் அப்படி எண்ணியிருக்கலாம். மூத்த பிள்ளைக்குக் கல்யாணத்தின்போதே நிலத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் உயிலில் எழுதுவது அங்கே சாதாரணம். சிலர் ஒரு ஷில்லிங் மட்டும் எழுதிவைப்பார்கள். அதைக் கோபம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் 'உன் பங்கு வந்துவிட்டது' என்பதற்கான அடையாளம்தான் அது. அதோடு, அன்றைய வர்ஜீனியாவில் உயிலில் யாருக்கும் எழுதாமல் விட்ட நிலம் சட்டப்படி மூத்த மகனைச் சேரும். அந்த மூத்தவன் உரிமையை ஒழிக்கும் சட்டம் 1785-இல்தான் நிறைவேறியது. ஆகவே மூத்தவன் பெயரை எழுதவேண்டிய அவசியமே அந்தத் தகப்பனுக்கு இல்லாமலும் இருந்திருக்கலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பட்டாவில் 400. உயிலில் 250. மீதி 150 ஏக்கர் எங்கே? மனிதரைத் தேடுவதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, அந்த 150 ஏக்கரைத் தேடச் சொல்லுங்கள். மனிதர் ஊர் மாறுவார், பெயரின் எழுத்து மாறும். நிலம் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

நம் பேராக் மாநிலத்தில் கிராண்டு ஒன்றை எடுத்தால் உரிமையாளர் யார் என்று தெரிந்துவிடும். பதிவேட்டில் இருக்கும் பெயரே உரிமை. அங்கே அப்படி இல்லை. இவர் அவருக்கு எழுதினார், அவர் இன்னொருவருக்கு எழுதினார் என்று பத்திரத்தைப் பத்திரத்தோடு கோத்துக்கொண்டே போகவேண்டும். பினாங்கிலும் மலாக்காவிலும் 1960கள் வரை இருந்த முறையும் அதுதான். வர்ஜீனியாவில் இந்தப் பத்திரங்கள் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றத்தில், புத்தகம் புத்தகமாக, கையால் பிரதி எடுக்கப்பட்டவை. விற்றவர் பெயருக்கு ஓர் அகரவரிசை, வாங்கியவர் பெயருக்கு ஓர் அகரவரிசை உண்டு.

பெரும்பாலோர் வாங்கியவர் பட்டியலைப் புரட்டிவிட்டு, பெயர் இல்லை என்று மூடிவிடுகிறார்கள். அங்கேதான் தவறுகிறார்கள். தகப்பனிடமிருந்து வாரிசு உரிமையில் வந்த நிலத்துக்கு வாங்கிய பத்திரம் இருக்காது. ஆனால் விற்கும் நாளில் பத்திரம் எழுதியே ஆகவேண்டும், தனக்கு அது எப்படி வந்தது என்று வாங்குபவருக்குச் சொல்லவும் வேண்டும். 'இன்னாரின் மகனும் வாரிசுமாகிய நான்' என்ற தொடர் அங்கேதான் அகப்படும். ஆகவே 1764 தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு, விற்றவர் பட்டியலில் அந்தக் குடும்பப் பெயர் முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். கென்டக்கிக்கோ வட கரோலினாவுக்கோ குடிபெயர்ந்த மகன் என்றால், அங்கிருந்து அதிகாரப் பத்திரம் அனுப்பி இன்னொருவர் மூலம் விற்றிருப்பான்.

தகப்பன் உயிருடன் இருந்த காலத்துப் பத்திரங்களும் முக்கியம். விலைக்குப் பதிலாக 'இயல்பான அன்பின் பொருட்டு' என்று எழுதியிருந்தால் அது தானப் பத்திரம். ஒன்றில் எச்சரிக்கை வேண்டும்: ஐந்து ஷில்லிங் என்று விலை கண்டவுடன் மகனுக்குச் சும்மா கொடுத்தார் என்று முடிவு கட்டக் கூடாது. அந்தக் காலத்தில் ஒரே விற்பனைக்கு இரண்டு பத்திரம் எழுதினார்கள். முதல் நாள் பெயரளவில் ஐந்து ஷில்லிங்குக்குக் குத்தகை. மறுநாள் உண்மையான விலைக்கு, நிலத்தின் மீதான உரிமையை முழுதும் விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். இரண்டாவதையும் படித்தால்தான் விவரம் புரியும்.

விற்றவரின் மனைவி பெயரையும் விடாதீர்கள். கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை விதவையான பின் ஆயுள் முழுவதும் அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு இருந்தது. அதை அவள் விட்டுக்கொடுத்தால்தான் வாங்குபவருக்கு வில்லங்கம் இல்லை. அதனால் அவளைக் கணவனிடமிருந்து தனியே அழைத்து, மனமுவந்துதான் சம்மதிக்கிறாயா என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். மற்ற ஏடுகள் பேசாமல் விட்ட எத்தனையோ பெண்களின் பெயர் அந்த ஒரு வரியில்தான் பிழைத்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

அடுத்து வரிப் பதிவேடு. வர்ஜீனியாவில் 1782 முதல் ஆண்டுதோறும் நில வரிப் பட்டியல் எழுதினார்கள். அதில் பெயரும் ஏக்கரும் இருக்கும். அந்தக் கவுண்டியில் 150 ஏக்கருக்கு வரி கட்டியவர் யார் என்று பாருங்கள். அடுத்த ஆண்டுகளில் அந்த 150 யார் பெயருக்கு மாறுகிறது என்று விரல் வைத்துப் பின்தொடருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பி உட்கார வேண்டாம். அது 1790-இல்தான் தொடங்கியது. 1850-க்கு முந்திய கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயரை மட்டுமே எழுதினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை இனிமேல்தான். பழைய பத்திரத்தில் எல்லையை இப்படி எழுதியிருப்பார்கள்: ஓடைக்கரை வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கிலிருந்து 40 பாகை கிழக்கே, 120 'போல்' தூரம் சென்று, இன்னார் நிலத்தின் மூலை வரை. ஒரு 'போல்' என்ற அளவு பதினாறரை அடி. நான்கு போல் சேர்ந்தால் ஒரு சங்கிலி, 66 அடி. நம் பழைய அளவைப் படங்களில் இருப்பதும் அதே சங்கிலிதான். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். கட்டத்தாளில் பாகைமானியை வைத்துக் கோடு கோடாக வரைந்து, துண்டை வெட்டி, முதலில் 400 ஏக்கரைக் கீழே விரியுங்கள். அதன் மேல் உயிலில் கண்ட இரண்டு மகன்களும் பிற்காலத்தில் விற்ற துண்டுகளை வையுங்கள். மூடாமல் மிஞ்சும் இடம்தான் அந்த 150. தம்பிகளின் பத்திரத்தில் அந்தப் பக்கத்து எல்லைக்கு யார் நிலம் என்று பெயர் எழுதியிருக்கும். அது உங்கள் சம்பந்தியின் முன்னோர் பெயராக இருந்தால், பாதி வழக்கு முடிந்தது. மீதிப் பாதிக்கு வரிப் பட்டியலும் விற்பனைப் பத்திரமும் ஒத்துப்போக வேண்டும். ஒரே ஒரு காகிதத்தை வைத்து உறவை நிச்சயிக்காதீர்கள்.

சொற்களிலும் கவனம் வேண்டும். நம் மொழியில் மருமகன் என்றால் மகளின் கணவனும் ஆகலாம், சகோதரியின் மகனும் ஆகலாம் அல்லவா? அந்தக் காலத்து ஆங்கில உயிலில் மகளின் கணவனைக் குறிக்கும் சொல், மனைவியின் முதல் கணவனுக்குப் பிறந்த பிள்ளையையும் குறிக்கும். பெயரோடு 'இளையவர்' என்று இருந்தால் மகன் என்று எண்ணிவிடக் கூடாது. அதே ஊரில் அதே பெயருள்ள, வயதில் சிறிய எவரையும் அப்படிக் குறிப்பிட்டார்கள்.

கவுண்டி பிரிந்த ஆண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். நிலம் இன்று ஒரு கவுண்டியில் இருக்கலாம். 1764-இன் ஏடு தாய்க் கவுண்டியில் தங்கியிருக்கும். உள்நாட்டுப் போரின்போது பல கவுண்டிகள் தங்கள் ஏடுகளைப் பாதுகாப்புக்காக ரிச்மண்ட் நகருக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் அந்த நகரில் பற்றிய தீயில் அவை எரிந்துபோயின. அப்படிப்பட்ட கவுண்டி என்றால் வரிப் பட்டியலும் பட்டாவும்தான் துணை, ஏனென்றால் அவை மாநிலத்தின் கையில் இருந்தவை.

பட்டாக்களை வர்ஜீனியா நூலகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். பத்திரப் புத்தகங்கள் பெரும்பாலும் குடும்ப வரலாறு தேடுவோருக்கான ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் கட்டணம் இல்லாமல் கிடைக்கும். 2024 முதல் அதில் கையெழுத்து ஏடுகளுக்குள்ளேயே சொல்லைத் தேடும் வசதி வந்திருக்கிறது. சாட்சிகளும் பக்கத்து நிலத்தாரும் அகரவரிசையில் வரமாட்டார்கள். இந்தத் தேடலில் அகப்படுவார்கள். சம்பந்தியிடம் எல்லை வரிகளை அப்படியே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நான் வரைந்து தருகிறேன்.

கேள்வி: என் தங்கை கணவர் கறுப்பின அமெரிக்கர். 1870-க்கு முன்னால் அவர் குடும்பத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நிலமே இல்லாதவர்களுக்கு நிலப் பத்திரம் எப்படி உதவும்?
(வாசகர், தைப்பிங்)

பதில்: உதவும். ஆனால் படிக்க மனத்திடம் வேண்டும். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவர்களின் பெயர்கள் முழுமையாகக் கணக்கெடுப்பில் ஏறியது 1870-இல்தான். 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயரின் கீழே வயதும் பாலும் நிறமும் மட்டுமே இருக்கும். பெயர் எழுதியிருப்பது மிக அரிது. ஆனால் அந்த உடைமையாளர் இறந்தபோது எழுதிய சொத்துப் பட்டியலில் பெயர்கள் இருக்கும். ஒரு வரியில் ஒரு பெண்ணின் பெயர், அவள் குழந்தையின் பெயர், இருவருக்கும் சேர்த்து ஒரு விலை. அடுத்த வரியில் ஒரு குதிரை, அதற்கு ஒரு விலை. உயில், பங்கீடு, ஏலக் கணக்கு, விற்பனைப் பத்திரம் எல்லாவற்றிலும் இப்படியே மனிதர்கள் எழுதப்பட்டார்கள். தாயும் பிள்ளையும் எந்த வாரிசின் பங்குக்குப் போனார்கள் என்பதும் அங்கேதான் தெரியும். மைத்துனர் குடும்பம் 1870-இல் இருந்த இடத்துக்கு அருகே எந்தப் பண்ணையார்கள் இருந்தார்கள் என்று முதலில் பாருங்கள். 1865 முதல் 1872 வரை இயங்கிய 'விடுதலை அடைந்தோர் செயலகம்' என்ற அரசு அமைப்பின் வேலை ஒப்பந்தங்களில், பழைய உடைமையாளர் பெயரும் வேலைக்காரர் பெயரும் ஒரே தாளில் வருவதுண்டு.

இதை நம் தோட்டக் கதையோடு ஒன்றாக்கிப் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். நம் தாத்தாக்கள் பட்ட பாடு பெரிது. ஆனாலும் அவர்கள் உயிலில் எழுதப்படவில்லை, அவர்களின் பிள்ளைகளுக்கு விலை போடப்படவில்லை. மைத்துனரிடம் பேசும்போது இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். உயிலும் இல்லை, கிராண்டும் இல்லை. நாங்கள் எதைத் தேடுவது?
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, உங்கள் அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கும். அடையாள அட்டைப் பதிவு இங்கே 1948-இல் தொடங்கியது. பழைய அட்டையை யாராவது வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், நம் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கிய தொழிலாளர்கள் பலர். தாத்தாவின் தகரப் பெட்டி இருந்தால் அடியில் விரித்த தாளுக்குக் கீழேயும் பாருங்கள். பங்குப் பத்திரம் இருந்தால், நிலத்தோடு அவர் பெயர் சேர்ந்த காகிதம் அது.

பிறகு தோட்டத்துக் கோயிலுக்குப் போங்கள். உபயம் செய்தவர்களின் பெயர் வெட்டிய கல் இருந்தால், பெயரோடு தமிழ்நாட்டு ஊரும் சில சமயம் இருக்கும். காலை எட்டு மணிக்கு முன்னால் படம் எடுங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் தேய்ந்த எழுத்தில் நிழல் தங்கும்.