ஃபெயில் ஆன ரெக்வெஸ்ட்டை எத்தனை தடவை திரும்ப அனுப்பலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரைக்கும்: வெப் ஆப்பில் எல்லா ஏபிஐ அழைப்பும் ஒரே ஃபங்ஷன் வழியாகப் போகிறது, நெட் விட்டுவிட்டு வருவதால் சில அழைப்புகள் ஃபெயில் ஆகின்றன, அந்த ஃபங்ஷனுக்குள் ஒரு லூப் போட்டு எதுவாக இருந்தாலும் மூன்று தடவை முயற்சி செய் என்று வைத்துவிடலாமா?

தகவலைப் படிக்க மட்டும் போகும் ரெக்வெஸ்ட் என்றால் தாராளமாக வையுங்கள். எல்லாவற்றுக்கும் வைக்காதீர்கள். மூன்றா ஐந்தா என்று யோசிப்பதற்கு முன்னால், இது இரண்டு தடவை போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் கேட்டுப் பாருங்கள். ஏனென்றால் பிரவுசருக்குத் தெரிவது பதில் வரவில்லை என்பது மட்டும்தான். ஆர்டர் பட்டனை ஒருவர் அழுத்துகிறார், நீங்கள் 10 விநாடி டைம்அவுட் (அதற்குள் பதில் வராவிட்டால் கைவிடும் எல்லை) வைத்திருக்கிறீர்கள், சர்வர் கொஞ்சம் திணறி 11-வது விநாடியில் ஆர்டரைப் பதிவு செய்து முடிக்கிறது. அதற்குள் உங்கள் லூப் அதே ஆர்டரை மறுபடி அனுப்பியிருக்கும். இப்போது இரண்டு ஆர்டர், இரண்டு தடவை பணம், லாகில் பார்த்தால் எல்லாமே ஒழுங்காக நடந்த மாதிரி இருக்கும்.

கெட் (படிக்க), ஹெட் (ஹெடரை மட்டும் படிக்க), புட் (முழுதாக மாற்றி எழுத), டெலீட் (அழிக்க) என்ற ரெக்வெஸ்ட் வகைகள் எல்லாம் எத்தனை தடவை போனாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று ஹெச்டிடிபி விதி (ஆர்எஃப்சி 9110) சொல்கிறது. போஸ்ட்டுக்கும் (புதிதாகப் பதிவு செய்ய) பேட்ச்சுக்கும் (ஒரு பகுதியை மட்டும் மாற்ற) அந்த உத்தரவாதம் கிடையாது. விதி அப்படிச் சொல்கிறது, சரி, உங்கள் பேக்எண்ட் எழுதியவர் அதை மதித்தாரா என்பது வேறு. கெட் அழைப்பிலேயே எதையாவது மாற்றி வைக்கும் ஏபிஐகளும் இருக்கத்தான் செய்கின்றன.

போஸ்ட்டைத் திரும்ப அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ஐடெம்பொட்டன்சி கீ வேண்டும், அதாவது இது அதே ரெக்வெஸ்ட்தான் என்று சர்வருக்குக் காட்டும் அடையாள எண். பயனர் பட்டனை அழுத்திய அந்த நேரத்தில் ஒரு யுயுஐடி (வேறு எதனோடும் மோதாத ரேண்டம் அடையாளம்) உருவாக்கி ஹெடரில் வைத்து அனுப்புங்கள், திரும்ப அனுப்பும்போதும் அதே கீ. நான் ரிவியூ செய்யும் கோடில் அடிக்கடி பார்ப்பது, கீயை லூப்புக்கு உள்ளே உருவாக்குவது. ஒவ்வொரு முயற்சிக்கும் புதுக் கீ போனால் சர்வருக்கு அது புது ஆர்டர்தான், அந்தக் கீ இருப்பதும் ஒன்று இல்லாததும் ஒன்று. சர்வர் பக்கம், இந்தக் கீ ஏற்கெனவே இருக்கிறதா என்று செலக்ட் போட்டுப் பார்த்துவிட்டு இல்லையென்றால் இன்சர்ட் செய்வது போதாது, இரண்டு ரெக்வெஸ்ட் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுக்குமே 'இல்லை' என்றுதான் தெரியும். டேபிளில் கீ இருக்கும் நெடுவரிசைக்கு (column) யுனீக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே மதிப்பு இரண்டு தடவை வரக்கூடாது என்ற கட்டுப்பாடு) போட்டு, ஆர்டரை எழுதும் அதே டிரான்சாக்‌ஷனிலேயே கீயையும் எழுதுங்கள். இரண்டாவதை டேட்டாபேஸே தடுத்துவிடும், அப்போது முதல் தடவை கொடுத்த பதிலை எடுத்து அப்படியே திருப்பிக் கொடுத்தால் போதும். பணம் எடுக்கும் வேலை வெளி சர்வீஸிடம் இருந்தால், அது கீ ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்து (ஸ்ட்ரைப் என்ற பேமென்ட் சர்வீஸ் ஏற்றுக்கொள்ளும்) அங்கேயும் ஒரே கீயை அனுப்ப வேண்டும், உங்கள் டிரான்சாக்‌ஷன் அதுவரைக்கும் எட்டாது.

அடுத்து, எதை ஃபெயில் என்று எடுத்துக்கொள்வது. பிரவுசரில் ரெக்வெஸ்ட் அனுப்பும் ஃபெட்ச் ஃபங்ஷன், 404 (இல்லை) வந்தாலும் 500 (சர்வர் கோளாறு) வந்தாலும் எரர் எறியாது, பதில் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு எல்லாம் வெற்றிதான், நீங்கள்தான் ஸ்டேட்டஸைப் பார்க்க வேண்டும். 502, 503, 504, 408, 429 இவை பெரும்பாலும் தற்காலிகக் கோளாறு அல்லது நெரிசல், திரும்ப அனுப்பலாம். 400, 403, 404, 422 என்றால் கோளாறு ரெக்வெஸ்ட்டிலேயே இருக்கிறது, எத்தனை தடவை அனுப்பினாலும் அதே பதில்தான் வரும். 401 (லாகின் செல்லவில்லை) வந்தால் டோக்கனைப் புதுப்பித்துவிட்டு ஒரே ஒரு தடவை. நெட் அறுந்தால் டைப்எரர் வரும், ஆனால் கோர்ஸ் (வேறு டொமைனிலிருந்து வரும் பதிலைப் படிக்க விடலாமா என்ற சர்வர் அனுமதி) அமைப்பு தப்பாக இருந்தாலும் அதே டைப்எரர்தான், ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

டான்ஸ்டாக் குவெரி மாதிரி, ஏபிஐ அழைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் லைப்ரரி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது படிக்கும் குவெரிகளைத் தானாகவே மூன்று தடவை திரும்ப அனுப்பும், மியூட்டேஷனை (தகவலை மாற்றும் அழைப்பை) அனுப்பாது, இதுவரை நல்லது. ஆனால் 404-க்கு நீங்கள் எரர் எறிந்தால் அதையும் விடாமல் அனுப்பும், இடையில் 1, 2, 4 விநாடி காத்திருக்கும். இல்லாத பக்கத்துக்கு 'இல்லை' என்று சொல்லவே ஏழு விநாடி. ரீட்ரை ஆப்ஷனில் ஒரு ஃபங்ஷன் கொடுத்து ஸ்டேட்டஸைப் பார்த்து நிறுத்துங்கள்.

இடைவெளியை ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும், அதில் ரேண்டம் சேர்க்கத்தான் மறந்துவிடுகிறார்கள். சர்வர் ஒரு நொடி விழுந்தால் ஆயிரம் பிரவுசரும் ஒரே நொடியில் ஃபெயில் ஆகும், எல்லோருக்கும் ஒரே கணக்கு என்றால் ஒரு விநாடி கழித்து ஆயிரமும் சேர்ந்து வரும், பிறகு இரண்டு விநாடி கழித்து மறுபடி சேர்ந்து வரும். எழுந்திருக்கப் பார்க்கும் சர்வரை நாமே அமுக்கிவிடுவோம். பூஜ்யத்துக்கும் அந்தச் சுற்றின் உச்ச இடைவெளிக்கும் நடுவில் ஏதோ ஒரு எண்ணை எடுத்துக் காத்திருங்கள், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் கழித்து வா என்று சர்வர் சொல்லும் ரிட்ரை-ஆஃப்டர் ஹெடர் வந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை. ஆனால் வேறு டொமைனில் ஏபிஐ இருந்தால் சர்வர் அதை எக்ஸ்போஸ் செய்யாதவரை உங்கள் கோடுக்கு அது தெரியாது. அதில் 120 விநாடி என்று இருந்தால் சத்தமில்லாமல் காத்திருக்காதீர்கள், பயனரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, பிரவுசரில் மூன்று முயற்சி, கேட்வேயில் (சர்வீஸ்களுக்கு முன்னால் நிற்கும் நுழைவு சர்வரில்) மூன்று, அதன் பின்னால் இருக்கும் சர்வீஸில் மூன்று என்றால் கடைசியில் இருக்கும் டேட்டாபேஸுக்கு ஒரு கிளிக்குக்கு 3×3×3, அதாவது 27 அடி விழும். ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் வையுங்கள்.

டைம்அவுட்டை நீங்களே வைக்க வேண்டும், ஃபெட்ச்சுக்கு அப்படி ஒரு ஆப்ஷன் கிடையாது. குறித்த நேரத்தில் ரெக்வெஸ்ட்டை நிறுத்தும் அபார்ட்சிக்னல் டைம்அவுட்டை ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாக உருவாக்குங்கள், லூப்புக்கு வெளியே ஒன்றை வைத்தால் முதல் டைம்அவுட்டிலேயே அது செத்துவிடும், மீதி முயற்சிகள் கிளம்பாமலேயே விழும். (ஆமாம், கீ வெளியே, சிக்னல் உள்ளே. நேர் எதிராக எழுதிய கோடுதான் அதிகம் கண்ணில் படுகிறது.) பயனரே கேன்சல் செய்தால் அபார்ட்எரர் வரும், டைம்அவுட்டுக்கு டைம்அவுட்எரர் வரும், முதலாவது வந்தால் லூப்பை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சோதிக்கும்போது க்ரோம் டெவ்டூல்ஸில் ஆஃப்லைன் போட்டுப் பார்ப்பது போதாது, அதில் ரெக்வெஸ்ட் கிளம்பவே கிளம்பாது. உங்களுக்கு வேண்டியது சர்வரில் வேலை முடிந்து பதில் மட்டும் தொலைந்துபோகும் நிலை. டெஸ்ட் சர்வரில் கமிட் ஆனதும் (ஆர்டர் டேட்டாபேஸில் உறுதியானதும்) பதில் அனுப்பாமல் சாக்கெட்டை (பிரவுசருடனான இணைப்பை) டெஸ்ட்ராய் செய்யும்படி ஒரு வரி சேர்த்துவிட்டு, பட்டனை ஒரு தடவை அழுத்தி, ஆர்டர் டேபிளில் எத்தனை ரோ விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.