எலக்ட்ரிக் கிட்டாரில் ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி விலகிவிடுகிறது. டியூனிங் கீயை மாற்றினால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. கீயில் கை வைக்கும் முன்னால் நட்டைப் பாருங்கள். நெக்கின் (கழுத்தின்) மேல்முனையில் கம்பிகள் பள்ளங்களில் படிந்து போகும் சின்னக் கட்டைதான் நட்.

யாரோ உங்களிடம் "கீ போச்சு, லாக்கிங் கீ (கம்பியைத் தண்டிலேயே இறுக்கிப் பிடிக்கும் கீ) போடுங்க" என்று சொல்லியிருப்பார்கள் என நினைக்கிறேன். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கிட்டாரைக் கொடுத்தேன். அவர் ஆறு கீயையும் கழற்றிப் புதிதாகப் பூட்டினார். அதோடு நான் கேட்காமலேயே 9 செட் கம்பியை எடுத்துவிட்டு அதைவிடத் தடித்த 10 செட் மாட்டி, "சவுண்டு தடியா வரும்" என்றார். தடியாகத்தான் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் பெண்ட் செய்துவிட்டு (கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றிவிட்டு) விட்டால் கம்பி பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை, முன்பைவிட மோசம். திரும்பக் கொண்டுபோனதற்கு, "நீங்க ரொம்ப அழுத்தி வாசிக்கிறீங்க" என்று பதில். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிகிறது.

அப்புறம் நானே உட்கார்ந்து பார்த்தேன். கீயைத் திருகும்போது சுருதி ஏறாமல் நின்று, திடீரென்று 'டிங்' என்ற சத்தத்தோடு தாவியது. கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். பெண்ட் செய்யும்போது கீ பக்கமிருந்து கொஞ்சம் கம்பி இந்தப் பக்கம் இழுபடும். விட்டதும் அது வழுக்கிப் போக வேண்டும். பள்ளம் பிடித்துக்கொண்டால் போகாது, சுருதி இறங்கி நிற்கும். டிரெமலோவை (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜை அசைத்துச் சுருதி மாற்றும் கைப்பிடி) அமுக்கி விட்டால் இதற்கு நேர்மாறாக, ஏறி நிற்கும். பெண்டுக்குப் பிறகு இறங்கி நிற்கும் கம்பியை நட்டுக்கும் கீக்கும் நடுவே விரலால் அழுத்தி விடுங்கள். சுருதி சரியாகிவிட்டால் குற்றவாளி நட்தான்.

9 செட்டில் ஆறாவது கம்பி 0.042 அங்குலம், 10 செட்டில் 0.046. சின்னக் கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் பெரியதைத் திணித்தால் வேறென்ன நடக்கும்? கம்பியின் அளவுக்கேற்ற நட் ஃபைல் என்ற மெல்லிய அரத்தால் பள்ளத்தை அகலமாக்கினேன். அகலம்தான், ஆழமில்லை. ஆழம் கூடினால் விரல் வைக்காத திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) உரசி இரையும். பிறகு பென்சில் கரியைத் தேய்த்துவிட்டேன். பென்சில் தற்காலிக வைத்தியம் என்று சிலர் வருவார்கள். ஆமாம், அதனால்தான் கம்பி மாற்றும்போதெல்லாம் தேய்க்கிறேன். லாக்கிங் கீ வைத்திருப்பவர்களும் சண்டைக்கு வர வேண்டாம். கம்பி மாற்றுவது சுலபம், தண்டில் சுற்று குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் நட்டில் சிக்கும் கம்பியை அது விடுவிக்காது.

கம்பி தடித்தால் இழுவையும் கூடும். என் பிரிட்ஜ் முன்பக்கம் தூக்கிக்கொண்டது, ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) ஏறியது, நெக்கும் முன்னால் வளைந்தது. பின்பக்க ஸ்பிரிங் திருகுகளை இறுக்கி, திரும்ப டியூன் செய்து, பிரிட்ஜ் பழைய நிலைக்கு வரும்வரை இதையே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். பொறுமை வேண்டும். அது முடிந்த பிறகுதான் டிரஸ் ராட், அதாவது நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் தண்டு. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளியைப் பாருங்கள். கால் மில்லிமீட்டர் அளவு இருந்தால் போதும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். பிறகு ஆக்‌ஷன், கடைசியில் இன்டொனேஷன், அதாவது நெக் முழுவதும் சுரம் சரியாக ஒலிக்கும்படி கம்பியின் நீளத்தைச் சரிசெய்வது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரம் அங்கேயே கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். பழைய கம்பியில் இதைச் செய்து பயனில்லை.

இவ்வளவும் செய்துவிட்டு மேடை ஏறினால், பாடகர் திரும்பிப் பார்த்து "அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்பார். கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை அழுத்திவிட்டுச் சிரிப்பார். ஸ்பிரிங் இழுவையில் மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியை இறக்கினால் மற்ற ஐந்தும் ஏறும் என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஒத்திகையிலேயே சொல்லக் கூடாதா ஐயா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

உங்கள் கிட்டாரில் டிரெமலோ உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் ஸ்பிரிங் வேலை மிச்சம். தலையில் கீ மூன்று மூன்றாக இருபுறமும் இருந்தால் நடுவில் உள்ள டி, ஜி கம்பிகளை முதலில் பாருங்கள். அவை நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்புவதால் அங்கேதான் அதிகம் சிக்கும். புதுக் கம்பி என்றால் கையால் இழுத்து இழுத்து விட்டு டியூன் செய்த பிறகு சோதியுங்கள். அப்போதும் நிற்கவில்லையா, நட்டைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.